சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டால்...



நம் இல்லங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “நாளையிலிருந்து அந்தக் கம்பெனிப் பக்கமே போகப் போவதில்லை.” மகன் இப்படிச் சொன்னதும் பெரும்பாலான பெற்றோர்கள் கேட்கும் முதல் கேள்வி, “வேறு வேலை கிடைத்துவிட்டதா?” என்பதுதான். “கடிதம் கொடுத்துவிட்டாயா?” என்ற கேள்வியைக் கேட்போர் மிகச் சிலரே. ஆனால் சட்டத்தின் பார்வையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவேயாகும்.

தொழிற்சாலை, பாதுகாவலர் வேலை, லோரி ஓட்டுநர் வேலை, உணவகம், பேரங்காடி, அலுவலகம் என்று எங்கு பார்த்தாலும் இந்த வழக்கம் இருக்கிறது. மேற்பார்வையாளர் ஒரு சொல் கடுமையாகச் சொல்லிவிட்டால் மறுநாள் ஆள் வருவதில்லை. போனஸ் கைக்கு வந்த மறுவாரம் ஆள் வருவதில்லை. புதிய முதலாளி “நாளைக்கே வா” என்று சொன்னதும் பழைய முதலாளியின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் இல்லை. கேட்டால், “சொன்னால் விடமாட்டார்கள், அதனால்தான் சொல்லவில்லை” என்பார்கள்.

இந்தப் பயம்தான் பலருடைய கடைசி மாதச் சம்பளத்தை விழுங்குகிறது. உண்மையில், ஒரு தொழிலாளி வேலையை விட்டுப் போவதைத் தடுக்கும் அதிகாரம் முதலாளிக்குக் கிடையாது. அதே வேளையில், எப்படிப் போக வேண்டும் என்பதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழியைத் தெரிந்துகொள்வதே இந்த உரையின் நோக்கம்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் இரண்டு கதவுகள்

தீபகற்ப மலேசியாவிலும் லபுவானிலும் நடப்பில் இருப்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் உள்ளன. 2023ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலைச் சட்டம் சம்பள வரம்பின்றி எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்களுக்கு மிகுதி நேரச் சம்பளம் போன்ற சில பிரிவுகள் மட்டும் பொருந்தா. வேலையை விடுவதற்கான முன்னறிவிப்பு, அதாவது நோட்டீஸ் பற்றிய பிரிவுகள் அனைவருக்கும் உரியவை.

இந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, முதலாளியோ தொழிலாளியோ எந்த நேரத்திலும் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து வேலை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. எத்தனை நாள் நோட்டீஸ் என்பதை நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பார்கள். அக்கடிதத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை என்றால் சட்டமே கணக்குச் சொல்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இருப்பவருக்கு 6 வாரம். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 8 வாரம்.

நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. தொழிலாளி மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும், கம்பெனி மட்டும் ஒரு மாதம் தந்தால் போதும் என்று எழுதிக்கொள்ள முடியாது. நோட்டீஸ் கொடுக்கும் நாளும் அந்தக் காலத்தில் சேர்த்தே எண்ணப்படும். இது முதல் கதவு. நாள் கொடுத்துவிட்டுப் போகும் கதவு.

இரண்டாவது கதவு 13ஆவது பிரிவில் இருக்கிறது. நோட்டீஸ் கொடுக்காமலேயே போக விரும்புபவர், அந்த நோட்டீஸ் காலத்திற்கு எவ்வளவு சம்பளம் கிடைத்திருக்குமோ அதே தொகையை முதலாளிக்கு ஈட்டுத்தொகையாகக் கொடுத்துவிட்டுப் போகலாம். நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பாதியில் போக வேண்டி வந்தால், மீதமுள்ள நாள்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். முதலாளி ஒருவரை உடனே நிறுத்தினாலும் இதே கணக்குத்தான்; அப்போது பணம் தொழிலாளியின் கைக்கு வரும். ஆக, நாளைக் கொடு அல்லது பணத்தைக் கொடு என்பதே சட்டம் சொல்வது. இரண்டையும் கொடுக்காமல் சுவரேறிக் குதிப்பவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஒரே ஆள், ஒரே தேதி, மூன்று கணக்குகள்

கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மாதச் சம்பளம் 2,000 வெள்ளி. நியமனக் கடிதத்தில் ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதியிருக்கிறது. புதிய இடத்தில் ஜூன் 16ஆம் தேதி வரச் சொல்லிவிட்டார்கள்.

முதல் கணக்கு. அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஜூன் 15ஆம் தேதி வரை வேலை செய்துவிட்டு மறுநாள் நின்றுவிடுகிறார். முழுமையடையாத மாதத்தின் சம்பளத்தை அந்த மாதத்தின் நாள்களால் வகுத்துக் கணக்கிட வேண்டும் என்கிறது சட்டம். ஜூன் மாதத்திற்கு 30 நாள். 15 நாளுக்கு அவருக்குச் சேர வேண்டியது 1,000 வெள்ளி. அவர் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகையோ ஒரு மாதச் சம்பளமான 2,000 வெள்ளி. கழித்துப் பார்த்தால், பதினைந்து நாள் உழைத்தும் கையில் ஒரு காசு இல்லை. மேற்கொண்டு 1,000 வெள்ளி கடன்காரராகிறார்.

இரண்டாவது கணக்கு. அதே இளைஞர் ஜூன் 1ஆம் தேதியே ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, 15ஆம் தேதி வரை வேலை செய்கிறார். நோட்டீஸ் ஜூன் 30இல் முடிகிறது. மீதம் 15 நாள். ஈட்டுத்தொகை 1,000 வெள்ளி. அவருக்கு வர வேண்டிய சம்பளமும் 1,000 வெள்ளி. கணக்கு நேராகிவிடுகிறது. யாருக்கும் கடனில்லை.

மூன்றாவது கணக்கு. அதே கடிதத்தைக் கொடுத்துவிட்டு, புதிய முதலாளியிடம் “ஜூலை 1ஆம் தேதி சேர்கிறேன்” என்று கேட்டுக்கொள்கிறார். ஜூன் மாதச் சம்பளம் 2,000 வெள்ளியும் முழுமையாகக் கைக்கு வருகிறது.

முதல் இரண்டு கணக்குகளிலும் அவர் வெளியேறிய தேதி ஒன்றே. வேறுபாடு ஒரு கடிதம் மட்டும்தான். அந்த ஒரு தாளின் மதிப்பு இங்கே 1,000 வெள்ளி.

கடைசிச் சம்பளத்தில் கை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஓர் அளவோடுதான். சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று 24ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. தொழிலாளி கொடுக்க வேண்டிய நோட்டீஸ் ஈட்டுத்தொகை அதில் ஒன்று. சாதாரண மாதங்களில் மொத்தப் பிடிப்பு சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற பாதுகாப்பு உண்டு. ஆனால் வேலை முடிவுக்கு வரும்போது கொடுக்கப்படும் கடைசிச் சம்பளத்திற்கு அந்த வரம்பு இல்லை. அதனால்தான் சொல்லாமல் போனவரின் கடைசிச் சம்பளம் முழுவதுமே காணாமற்போவது சாத்தியமாகிறது.

அதற்காக, “நீ சொல்லாமல் போனாய், உனக்குச் சம்பளமே கிடையாது” என்று முதலாளி கதவைச் சாத்திவிட முடியாது. செய்த வேலைக்கான சம்பளம் தொழிலாளியின் சொத்து. ஈட்டுத்தொகையையும் சட்டம் அனுமதிக்கும் மற்றப் பிடிப்புகளையும் கழித்த பிறகு மிச்சம் இருந்தால், நோட்டீஸ் இன்றிப் போன தொழிலாளிக்குக்கூட வேலை முடிந்த நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். முறைப்படி நோட்டீஸ் கொடுத்துப் போனவருக்கோ, வேலை முடியும் நாளன்றே சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் கட்ட வேண்டிய சந்தாவை நிறுத்திவைக்கவும் முதலாளிக்கு அதிகாரமில்லை.

கடைசிச் சம்பளம் போதாவிட்டால் மீதியைக் கேட்டு முதலாளி ஆள்பல இலாகாவின் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அங்கு பிறக்கும் உத்தரவை நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அமல்படுத்த முடியும். “போய் ஒரு வருடமாகிவிட்டது, இனி என்ன செய்வார்கள்?” என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடர 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டுகள் தருகிறது. பல முதலாளிகள் இவ்வளவு தூரம் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது அவர்களின் விருப்பம்; தொழிலாளிக்குள்ள பாதுகாப்பு அல்ல.

இரண்டு நாள் விதி

15ஆவது பிரிவைப் பற்றி ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முன்கூட்டி விடுப்புப் பெறாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாள்களுக்கு மேல் வராமலிருப்பவர் ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளிக்குத் தெரிவித்திருந்தால் அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

தந்தை மருத்துவமனையில் இருக்கிறார், தாயாருக்குத் துணையாக வேறு யாருமில்லை என்ற நிலையில் மூன்று நாள் வேலைக்குப் போக முடியாமற்போனவர், ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தால்கூட, தெரிவிக்க முயன்றார் என்பதற்கு அது சான்றாகும். செய்தியே அனுப்பாதவரிடம் உண்மையான காரணம் இருந்தும் பயனில்லாமல் போகலாம். அதன் பிறகு கம்பெனி வீட்டு முகவரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பும். அதைப் பிரித்துப் பார்க்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பதில் தராத ஒவ்வொரு கடிதமும் நாளை எதிர்த்தரப்பின் கையில் ஆதாரமாக மாறும்.

இது போலீஸ் விவகாரமா?

“போலீஸில் புகார் செய்வேன், ஜெயிலுக்கு அனுப்புவேன்” என்று மிரட்டும் முதலாளிகள் இருக்கிறார்கள். இந்த மிரட்டலுக்கு நம் சமூகம் எளிதில் அஞ்சுவதற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகத் தோட்டங்களுக்கு வந்த காலத்தில், தோட்டத்தை விட்டு ஓடிப்போவது தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. பிடிபட்டவர் சிறைக்கும் போக நேர்ந்தது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. ஆனால் தாத்தா காலத்துப் பயம் மட்டும் பேரன் மனத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை விடுவது குற்றவியல் குற்றமல்ல. அது இருவருக்கு இடையிலான ஒப்பந்தப் பிரச்சினை. பணத்தால் தீர்க்கப்பட வேண்டியது. “திரும்பி வந்து வேலை செய்” என்று நீதிமன்றமும் ஒருவரைக் கட்டாயப்படுத்தாது. மிரட்டியோ அடைத்துவைத்தோ ஒருவரிடம் வேலை வாங்கினால் மாட்டிக்கொள்பவர் முதலாளிதான். கட்டாய உழைப்புக்கு எதிராகப் புதிதாகச் சேர்க்கப்பட்ட 90பி பிரிவு, ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கம்பெனியின் மடிக்கணினி, சாவி, வசூல் பணம், லோரியின் பெட்ரோல் அட்டை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மறைந்துவிட்டால் கதை வேறு. அங்கே போலீஸ் புகாருக்கு இடமுண்டு. வேலையை விட்டது குற்றமல்ல. பிறர் பொருளை வைத்துக்கொண்டதுதான் கேள்வியாகும். அந்நியத் தொழிலாளர்களின் நிலையும் வேறு; அவர்களின் வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால், வேலையிடத்தை விட்டுப் போனால் குடிநுழைவுச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது.

நோட்டீஸ் இன்றியே போகலாம் என்ற இடங்கள்

சட்டம் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. எதிர்த்தரப்பு ஒப்பந்த நிபந்தனையை வேண்டுமென்றே மீறினால், மற்றவர் நோட்டீஸ் இன்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். சம்பளத்தைச் சட்டப்படி கொடுக்கத் தவறிய முதலாளி, ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுகிறார். சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்பது பொது விதி. இரண்டு மாதம் சம்பளம் தராத முதலாளி, நோட்டீஸ் பணம் எங்கே என்று கேட்பது எடுபடாது.

ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொள்ளாத வன்முறை ஆபத்தோ நோய் ஆபத்தோ உடனடியாக ஏற்பட்டால் 14ஆவது பிரிவு தொழிலாளியை நோட்டீஸ் இன்றிப் போக அனுமதிக்கிறது. தனியுரிமையாளரான முதலாளியே பாலியல் தொல்லை கொடுத்தார் என்று ஆள்பல இலாகா தலைமை இயக்குநர் முடிவு செய்தால், பாதிக்கப்பட்டவர் நோட்டீஸ் கொடுக்காமல் விலகலாம். நோட்டீஸ் கொடுத்தவரைப் போலவே சம்பளமும் பெறலாம்.

முதலாளியின் நடத்தையே ஒருவரை வேலையை விட்டுத் துரத்தியது என்றால், அதைப் பணிநீக்கத்திற்குச் சமமாகக் கருதி 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ் புகார் செய்யவும் வழியுண்டு. அதற்கு 60 நாள் கெடு. ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒன்று பொதுவானது. காரணத்தை எழுத்தில் வைத்துவிட்டுப் போனவருக்கே இந்தப் பிரிவுகள் எளிதில் கைகொடுக்கும். சத்தமில்லாமல் மறைந்தவர், ஆறு மாதம் கழித்துக் காரணம் சொன்னால் நம்ப வைப்பது கடினம்.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள்

தினமும் பாலம் கடந்து போய்வரும் ஜொகூர் நேயர்களுக்குச் சிங்கப்பூரின் 1968ஆம் ஆண்டு வேலைச் சட்டமே பொருந்தும். நியமனக் கடிதத்தில் எதுவும் இல்லாவிட்டால் அங்கே நோட்டீஸ் காலம் குறைவு: 26 வாரத்திற்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஒரு நாள், இரண்டு ஆண்டுக்குள் ஒரு வாரம், ஐந்து ஆண்டுக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். நோட்டீஸ் இன்றிப் போனால் அதற்கு ஈடான சம்பளத்தை முதலாளி கேட்கலாம். வேலைக் கோரிக்கை நடுவர் மன்றம் வரை போகலாம். நோட்டீஸ் தராமல் போனவருக்கும் கடைசிச் சம்பளத்தை ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. வெளிநாட்டவருக்கு வருமான வரிக் கணக்கு முடியும் வரை முதலாளி பணத்தை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இழப்புகள்

பயிற்சிக்கு அனுப்பிய கம்பெனி, “இரண்டு ஆண்டுக்குள் போனால் இவ்வளவு கட்ட வேண்டும்” என்று கையெழுத்து வாங்கியிருந்தால், நோட்டீஸ் கொடுத்தாலும் அந்தக் கடன் தனியாக நிற்கும். எனினும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, எழுதப்பட்ட தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. “இதே தொழிலை வேறெங்கும் செய்யக் கூடாது” என்ற நிபந்தனையோ, அதே சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது.

2018இல் தொடங்கிய வேலை காப்புறுதித் திட்டம் வேலை இழந்தவருக்கு உதவித்தொகை தருகிறது. ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு அது கிடையாது. அடுத்த வேலை உறுதியாகாமல் ஆத்திரத்தில் வெளியேறுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். புதிய முதலாளி பழைய இடத்தில் விசாரிப்பார் என்பதையும் மறக்கக் கூடாது. “வந்தார், சொல்லாமல் போய்விட்டார்” என்ற ஒரு வரி, பல நற்சான்றிதழ்களின் பலனைக் கெடுத்துவிடும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் நியமனக் கடிதத்தை எடுத்து நோட்டீஸ் காலத்தைப் படியுங்கள். பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்கு அது குறைவாக இருக்கலாம். பிறகு, தேதி, பெயர், வேலையின் கடைசி நாள் ஆகியவற்றை எழுதி ஒரு பக்கக் கடிதம் தயாரியுங்கள். காரணம் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. நகலில் கையொப்பம் பெறுங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். நோட்டீஸை “ஏற்க மாட்டேன்” என்று சொல்லும் உரிமை முதலாளிக்கு இல்லை. நாளைக் குறைக்க வேண்டுமானால் பேசிப் பாருங்கள். சம்மதம் கிடைத்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனிப் பொருள்களைத் திருப்பிக் கொடுத்து ரசீது பெறுங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். கணக்கில் குறையிருந்தால் அருகிலுள்ள ஆள்பல இலாகா அலுவலகத்தை நாடுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் வேலைக்குப் போகும் பிள்ளைக்குப் புதுச் சட்டையும் சப்பாத்தும் வாங்கிக் கொடுக்கிறோம். அதே அக்கறையோடு அவன் கையெழுத்திடும் நியமனக் கடிதத்தையும் ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம். வேலை பிடிக்கவில்லை என்றால் விடுவதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைத் தலைநிமிர்ந்து பயன்படுத்த ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.